கழுத்தின் படலங்கள் கருவில் உருவாகும் விதம்

மும்பையில் உடற்கூறியல் சொல்லித் தருகிற எனக்கு, இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை கழுத்தைச் சுற்றியே இருக்கும். புகையிலையும் குட்காவும் அதற்குக் காரணம். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வாய்ப்புற்றுநோய்க்காகப் பரேல் டாடா நினைவு மருத்துவமனைக்குப் போகிறவர்கள், கோப்பில் 'நெக் டிசெக்‌ஷன்' (கழுத்தின் நிணநீர்க்கணுக்களை அகற்றும் அறுவை) என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கலங்கிப்போகிறார்கள். "டாக்டர் தம்பி, கழுத்தத் தொறந்தா கை வெளங்காமப் போயிருமா?" என்று தாராவிப் பெரியவர் ஒருவர் கேட்டார். கழுத்தில் கத்தி வைத்தால் கைக்கு ஏன் ஆபத்து வரவேண்டும்? கழுத்துக்குள் எது எதோடு ஒட்டியிருக்கிறது, எது எதைவிட்டு விலகி நிற்கிறது என்பது தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். அந்த ஒட்டலும் விலகலும் பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே முடிவாகிவிடுகின்றன.

கழுத்தின் தசைகளும் குழாய்களும் நரம்புகளும் மெல்லிய இணைப்புத்திசுப் படலங்களால் பொதியப்பட்டவை. மருத்துவர்கள் இவற்றை ஃபேஸியா என்பார்கள். தோலுக்கு அடியில் கொழுப்போடு கூடிய மேற்படலம். பிளாட்டிஸ்மா என்ற விரிந்த தசை அதற்குள் கிடக்கிறது. அதற்கும் உள்ளே ஆழ்படலம், பாடநூல் கணக்கில் மூன்று அடுக்கு. வெளியடுக்கு கழுத்தைச் சுற்றி வந்து, பக்கவாட்டிலுள்ள ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு தசையையும் பின்னாலுள்ள ட்ரப்பீசியஸ் தசையையும் பொதிகிறது. நடு அடுக்கு தைராய்டு, மூச்சுக்குழல், உணவுக்குழல் ஆகியவற்றைச் சூழ்கிறது. உள்ளடுக்கு முதுகெலும்பையும் அதை ஒட்டிய தசைகளையும் மூடுகிறது. இவற்றுக்கு நடுவே இருபுறமும் கரோட்டிட் தமனி, ஜுகுலர் சிரை, வேகஸ் நரம்பு மூன்றையும் சேர்த்துப் பொதியும் உறை ஒன்று உண்டு. மருத்துவ மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அடுக்குகளை முடிந்துபோன பொருளாகச் சொல்லித் தருவதால் வரும் வினை அது என்பது என் கருத்து. எந்த உறுப்பு எங்கே தோன்றி எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லித் தந்தால் அடுக்குகள் தாமே விளங்கும்.

முதலில் வாரக் கணக்கு. மகப்பேறு மருத்துவர் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார். கருவியல் நூல்கள் கருவுற்ற நாளிலிருந்து எண்ணுகின்றன. இரண்டுக்கும் ஏறத்தாழ 2 வார வித்தியாசம். இங்கே நான் கருவியல் கணக்கையே பின்பற்றுகிறேன். ஸ்கேன் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும் மகப்பேறு மருத்துவரின் கணக்கு.

4-ஆம் வாரத்தில் கருவுக்குக் கழுத்தே கிடையாது. தலை முன்பக்கமாக மடங்கி, அப்போதுதான் துடிக்கத் தொடங்கிய இதயத்தின்மேல் கவிழ்ந்திருக்கிறது. தலைக்கும் இதயத்துக்கும் இடைப்பட்ட சிறிய இடத்தில், இருபுறமும் தொண்டை வளைவுகள் என்ற புடைப்புகள் வரிசையாக எழுகின்றன. முதுகுப் பக்கத்தில் சோமைட்டுகள் என்ற திசுக்கட்டிகள் ஜோடி ஜோடியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முதுகெலும்பும் உடலின் பெரும்பாலான தசைகளும் அவற்றிலிருந்து வருபவை. வருங்கால உதரவிதானத்தின் முதல் பகுதிகூட அப்போது கழுத்துச் சோமைட்டுகளுக்கு நேர் எதிரேதான் இருக்கிறது. அடுத்த 4 வாரங்களில் முதுகுப்பக்கம் வேகமாக வளர, தலை மெல்ல நிமிர்கிறது. இதயமும் உதரவிதானமும் கீழே தங்கிவிடுகின்றன. நடுவே நீண்டு வெளிப்படும் பகுதி கழுத்தாகிறது.

இந்த இடமாற்றத்தின் தடங்கள் வாழ்நாள் முழுக்க உடலில் இருக்கின்றன. கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகளிலிருந்து கிளம்பும் ஃப்ரெனிக் நரம்பு, மார்பு முழுவதையும் கடந்து உதரவிதானத்தைப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் உதரவிதானத்துக்கு அடியில் சீழோ ரத்தமோ சேர்ந்தால் நோயாளி தோள்பட்டை வலிக்கிறது என்கிறார். குரல்வளைக்குப் போகும் நரம்பின் பாதை இன்னும் விசித்திரமானது. இடதுபக்க நரம்பு கழுத்திலிருந்து மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. கருவில் அது 6-ஆம் வளைவின் தமனிக்கு அடியில் சென்ற நரம்பு. தமனி இதயத்தோடு மார்புக்கு இறங்கியபோது நரம்பையும் இழுத்துக்கொண்டு போனது. வலப்பக்கத்தில் அந்தத் தமனிப் பகுதி மறைந்துவிடுவதால் நரம்பு மேலேயே, கைக்குப் போகும் தமனியைச் சுற்றித் திரும்பிவிடுகிறது. குரல் கம்மிப்போன ஒருவருக்கு மார்பையும் படம் எடுக்கச் சொல்வது இதனால்தான். கழுத்தின் நடு அடுக்கு கீழே போய் இதய உறையோடு கலந்துவிடுவதும் இந்தப் பழைய அண்டைவீட்டு உறவின் மிச்சம்.

தைராய்டின் பயணம் இதைவிட நேரானது. 4-ஆம் வாரத்தில் நாக்கின் வேர்ப்பகுதியில், இன்றும் சிறு குழியாகத் தெரியும் ஓரிடத்தில் அது தோன்றுகிறது. அங்கிருந்து நாவடி எலும்புக்கு முன்னால் இறங்கி, 7-ஆம் வாரத்தில் மூச்சுக்குழலின் முன்னால் வந்து அமர்கிறது. வந்த வழி ஒரு மெல்லிய குழாயாகச் சில வாரம் இருந்து பிறகு மறைய வேண்டும். மறையாமல் தங்கினால் குழந்தையின் கழுத்து நடுவில் நீர்க்கட்டி வரும். நாக்கை நீட்டச் சொன்னால் கட்டி மேலே ஏறும். அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் சிஸ்ட்ரங்க் 1920-இல் விவரித்த அறுவை முறை இன்றும் நடைமுறையில் உள்ளது. கட்டியோடு நாவடி எலும்பின் நடுத்துண்டையும் சேர்த்து எடுப்பார்கள், ஏனென்றால் குழாயின் மிச்சம் அந்த எலும்போடு பின்னிக் கிடக்கிறது. வந்து சேர்ந்த தைராய்டு நடு அடுக்குக்குள் அடைபட்டு, குரல்வளையோடு கட்டப்படுகிறது. மருத்துவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கழுத்தைப் பார்ப்பது இந்தப் பிணைப்பைத்தான் சோதிக்கிறது: விழுங்கும்போது குரல்வளை ஏறுகிறது, அதோடு தைராய்டும் ஏறுகிறது.

தைராய்டின் பின்னால் ஒட்டியிருக்கும் சிறிய பாராதைராய்டு சுரப்பிகளில் கீழ் ஜோடி, மார்பெலும்புக்குப் பின்னால் போய்ச் சேரும் தைமஸ் சுரப்பியோடு சேர்ந்து இறங்குவது. வழியில் எங்கே வேண்டுமானாலும் நின்றுவிடலாம் என்பதால், தாடை மூலையிலிருந்து மார்புக்கூடு வரை அதைத் தேட வேண்டிவரும்.

தோலுக்கு அடியிலுள்ள பிளாட்டிஸ்மாவும் வெளியிலிருந்து வந்ததுதான். அது 2-ஆம் வளைவின் தசை. முகத்துக்கும் கழுத்துக்கும் விரிந்து பரவியபோது முகநரம்பின் ஒரு கிளையையும் கூடவே கொண்டுவந்தது. தைராய்டுக்கு முன்னால் பட்டையாகத் தொங்கும் தசைகள் கழுத்துச் சோமைட்டுகளிலிருந்து இருபுறமும் நகர்ந்து முன்னால் வந்தவை; நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. தைராய்டு அறுவையில் மருத்துவர் அந்த நடுக்கோட்டில் பிளந்து உள்ளே போகிறார். அங்கே ரத்தக்குழாய்கள் மிகக் குறைவு.

இத்தனை பயணமும் வெற்றிடத்தில் நடப்பதில்லை. உறுப்புகளுக்கு நடுவே மெசென்கைம் என்ற தளர்வான திசு நிரம்பியிருக்கிறது. நட்சத்திர வடிவச் செல்களும் அவற்றுக்கிடையே நீர் மிகுந்த கூழும் சேர்ந்தது அது. அந்தச் செல்கள் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை அல்ல. கழுத்தின் பின்பக்கத் திசு சோமைட்டுகளிலிருந்து வருகிறது. முன்பக்கத்தில் நரம்பு முகட்டுச் செல்கள், அதாவது மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாயின் விளிம்பிலிருந்து புறப்பட்டு வளைவுகளுக்குள் பரவும் செல்கள், பெரும்பங்கு வகிக்கின்றன. 2005-இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வு, கழுத்துத் தசைகள் தோள்பட்டை எலும்பில் பிடித்துக்கொள்ளும் இடத்திலுள்ள இணைப்புத்திசுவரை இந்த முகட்டுச் செல்கள் போய்ச் சேர்வதைக் காட்டியது. தலையைச் சேர்ந்த செல்கள் தோள்வரை வந்து நங்கூரம் போடுகின்றன என்பது எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது.

படலம் பிறப்பது இந்த மெசென்கைமிலிருந்துதான். ஆனால் முன்கூட்டியே திரை விரித்து, அதற்குள் உறுப்புகளை வைப்பது போல நடப்பதில்லை. முதலில் தசையும் குழாயும் நரம்பும் தத்தம் இடத்துக்கு வருகின்றன. அவற்றுக்கு நடுவே மிஞ்சிய திசு பிறகு படலமாகிறது. 8-ஆம் வார முடிவில் கழுத்தின் தசைகள் பெரும்பாலும் அடையாளம் தெரிகின்றன. படலங்களோ அப்போது தசையின் ஓரத்தில் செல்கள் கொஞ்சம் நெருங்கி நிற்பதாக மட்டுமே தெரியும். கர்ப்பத்தின் நடுப்பகுதியில்தான் கொலாஜன் என்ற புரதத்தின் நார்கள் சேர்ந்து தனித் தகடுகளாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. ஒற்றையடிப் பாதையை யாரும் போடுவதில்லை, நடக்க நடக்க உண்டாகிறது. இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். நார் நெய்யும் செல்கள் இழுவிசை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் கொலாஜனை அடுக்குகின்றன. கருவோ சும்மா இருப்பதில்லை. மூன்றாம் மாதத்துக்குள் தலையை அசைக்கிறது, வாயைத் திறக்கிறது, பனிக்குட நீரை விழுங்கப் பழகுகிறது. ஒன்றின்மேல் ஒன்று சறுக்க வேண்டிய இடத்தில் திசு தளர்வாக நிற்கிறது. சேர்ந்து அசைய வேண்டிய இடத்தில் இறுகுகிறது. தொண்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவே உள்ள தளர்ந்த இடைவெளி இல்லாவிட்டால் நம்மால் ஒரு கவளம் சோறு விழுங்க முடியாது. கரோட்டிட் உறை தமனியைச் சுற்றித் தடிப்பாகவும், விரிந்து சுருங்க வேண்டிய சிரையின்மேல் மெல்லியதாகவும் இருப்பதை இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம்.

வெளியடுக்கு இரண்டு பெரிய தசைகளையும் ஏன் ஒன்றாகப் பொதிகிறது என்பதற்கும் கருவில் விடை உண்டு. ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டும் ட்ரப்பீசியஸும் ஒரே திசுக்கட்டியிலிருந்து பிரிந்தவை. இரண்டையும் இயக்குவது துணை நரம்பு என்ற ஒரே நரம்பு. கட்டி இரண்டாகப் பிளந்து ஒரு பாதி முன்னாலும் மறு பாதி பின்னாலும் விலக, நடுவில் முக்கோண வடிவில் இடைவெளி விழுகிறது. அந்த முக்கோணத்தின்மேலும் படலம் தொடர்ச்சியாக ஓடுகிறது என்று நூறாண்டுக்கு மேலாகப் பாடநூல்கள் படம் போட்டுக் காட்டின. 2002-இல் நியூசிலாந்து உடற்கூறாளர்கள் கழுத்தை நெகிழியில் பதப்படுத்தி மெல்லிய தகடுகளாக அறுத்துப் பார்த்து, அந்த இரு தசைகளுக்கும் நடுவே அப்படி ஒரு தொடர்ந்த படலம் இல்லை என்று எழுதினார்கள். விவாதம் ஓயவில்லை. கழுத்துப் படலம் எழுதுகிறவர் மாறும்போதெல்லாம் தானும் உருவம் மாறுகிறது என்ற பொருளில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மால்கேய்ன் 1838-லேயே குறைபட்டுக்கொண்டார். படலம் தசையைப் போலத் தனி உறுப்பாகப் பிறப்பதில்லை, அண்டை உறுப்புகளைப் பொறுத்து ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் நைந்தும் அமைகிறது என்பதை ஏற்றுக்கொண்டால், இந்தக் கருத்து வேறுபாட்டின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

கருவின் கழுத்துத் திசுவை நம் பெண்கள் நேரில் பார்ப்பதும் உண்டு, அது என்னவென்று தெரியாமலேயே. 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள்வரை எடுக்கும் என்.டி. (நியூகல் டிரான்ஸ்லூசன்ஸி) ஸ்கேனில், கருவின் பிடரித் தோலுக்கும் முதுகெலும்பை மூடிய திசுவுக்கும் நடுவே கறுப்புப் பட்டையாகத் தெரிவது தளர்ந்த இணைப்புத்திசுவில் தேங்கிய நீர். தலை உச்சியிலிருந்து பிட்டம்வரை கரு 45 முதல் 84 மி.மீ. இருக்கும்போதுதான் அளவெடுக்க வேண்டும். லண்டனில் கிப்ரோஸ் நிகோலைடஸ் குழுவினர் 1992-இல் இந்த நீர்ப்பட்டையின் தடிப்புக்கும் குரோமோசோம் குறைபாடுகளுக்கும் உள்ள தொடர்பை முன்வைத்தார்கள். இன்று 3.5 மி.மீ.க்கு மேல் போனால் குரோமோசோம் சோதனைக்கும் இதயத்தை நுணுக்கமாகப் பார்க்கவும் ஆலோசனை சொல்வார்கள். பட்டை தடிப்பாக இருக்கிறது என்பது ஓர் எச்சரிக்கை மட்டுமே, நோய் முடிவு இல்லை. தடிப்பான பட்டையோடு ஆரோக்கியமாகப் பிறக்கும் குழந்தைகள் நிறைய உண்டு. 14 வாரத்துக்குப் பின், திசுக்களில் மிஞ்சும் நீரை வடிக்கும் நிணநீர் வழிகள் முதிர, பெரும்பாலும் நீர் வடிந்துவிடுகிறது.

டவுன் நோய்க்குறியில் நீர் ஏன் கூடுதலாகத் தேங்குகிறது என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை படலத்தின் நாரிலேயே இருக்கிறது. ஆறாம் வகைக் கொலாஜனுக்கான மூன்று முக்கிய மரபணுக்களில் இரண்டு 21-ஆம் குரோமோசோமில் உள்ளன. அந்தக் குரோமோசோம் மூன்று பிரதிகள் இருக்கும்போது நாரின் அமைப்பு மாறுகிறது. நீரைப் பிடித்துவைக்கும் ஹயலுரோனிக் அமிலமும் தோலடியில் மிகுகிறது. இந்த நோய்க்குறிக்குப் பெயர் தந்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் 1866-லேயே, இந்தக் குழந்தைகளின் தோல் உடம்புக்குப் பெரிதாக இருப்பதுபோலத் தோன்றுகிறது என்று கவனித்து எழுதியிருந்தார். பெண் குழந்தைக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் குறைவதால் வரும் டர்னர் நோய்க்குறியில் காரணம் வேறு. கழுத்தின் நிணநீர்ப் பைகள் சிரையோடு இணையத் தவறுவதால் நீர் பெரிய பைகளாகத் தேங்குகிறது; பிறகு அது வற்றினாலும், கழுத்தின் இருபுறமும் தோல்மடிப்பு நின்றுவிடுகிறது.

அந்த நிணநீர்ப் பைகள்தான் புற்றுநோய் அறுவையோடு இந்தக் கதையைச் சேர்க்கின்றன. உடலில் முதலில் தோன்றும் நிணநீர்ப் பைகள் கழுத்திலுள்ளவை. 5-ஆம் வார இறுதியில், ஜுகுலர் சிரையாகப் போகும் குழாயின் அருகே தோன்றுகின்றன. அவை சிரையிலிருந்தே மொட்டுவிடுகின்றன என்று பன்றிக் கருக்களில் 1902-இல் காட்டியவர் அமெரிக்க உடற்கூறாளர் ஃப்ளாரன்ஸ் சாபின். பிறகு அந்தப் பைகளின் இடத்தில் நிணநீர்க்கணுக்கள், நாம் நெறி என்று சொல்பவை, கொத்துக் கொத்தாக உருவாகின்றன. படலங்கள் இறுகும் முன்பே அவை கொழுப்போடு சிரையை ஒட்டி அமர்ந்துவிடுவதால், படலம் அவற்றையும் உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது. ஆனால் தசைக்கும் சிரைக்கும் அவரவர் உறை தனியாக இருக்கிறது.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் க்ரைல் 1906-இல் விவரித்த பழைய அறுவை முறை, நெறிகளோடு ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு தசை, ஜுகுலர் சிரை, துணை நரம்பு எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தது. துணை நரம்பு போனால் ட்ரப்பீசியஸ் செயலிழக்கும், தோள் தொங்கும், கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது. அர்ஜென்டினாவின் அறுவை மருத்துவர் ஒஸ்வால்டோ சுவாரஸ் 1963-இல் எழுதிய கட்டுரை இதை மாற்றியது. நெறிகள் படலத்துக்குள் அடைபட்டவை, தசையும் சிரையும் நரம்பும் வேறு உறைக்குள் இருப்பவை. ஆகவே படலத்தை உரித்தெடுத்தால் நெறிகள் எல்லாம் வந்துவிடும், மற்றவற்றைக் காப்பாற்றலாம் என்பது அவர் கண்டது. நோய் உறையைத் தாண்டாத வரையில் இது செல்லும். பரேல் டாடா மருத்துவமனையில் அறுவை மருத்துவர் அனில் டி'குரூஸ் தலைமையில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, இந்த அறுவையை எப்போது செய்வது என்ற நெடுநாள் சந்தேகத்தைத் தீர்த்தது. கழுத்தில் நெறி தட்டுப்படாத தொடக்கநிலை வாய்ப்புற்றில், முதல் அறுவையின்போதே கழுத்து நெறிகளையும் எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் 3 ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தார்கள்; நெறி வந்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம்.

கைக்குப் போகும் பெரிய நரம்புக் கொத்து இன்னும் ஆழத்தில், உள்ளடுக்குக்கு அடியில் இருக்கிறது. 4-ஆம் வார இறுதியில் கழுத்தின் கீழ்ச் சோமைட்டுகளுக்கு எதிரே கை மொட்டு முளைக்கும்போது நரம்புகள் அதற்குள் நுழைகின்றன. பிறகு உண்டாகும் உள்ளடுக்கு அவற்றின்மேல் சட்டைக்கை போல அக்குள்வரை தொடர்கிறது. ஃப்ரெனிக் நரம்பும் அதே அடுக்குக்கு அடியில்தான். அதனால் அறுவை மருத்துவர் அந்த அடுக்கைத் தரையாக வைத்துக்கொண்டு, அதைக் கிழிக்காமல் மேலேயே வேலை செய்கிறார். கைக்கு மிச்சமிருக்கும் ஆபத்து துணை நரம்பால். அது முன்பு சொன்ன, இரு தசைகளுக்கும் நடுவேயுள்ள முக்கோணத்தில் தோலுக்கு மிக அருகே ஓடுகிறது. நரம்பைக் காப்பாற்றினாலும் சில மாதம் தோள் வலிக்கலாம். பிசியோதெரபியை அறுவை முடிந்த கையோடு ஆரம்பிக்கச் சொல்லி நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

கத்திக்கு வழிகாட்டும் அதே இடைவெளிகள் சீழுக்கும் வழியாகின்றன. கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்நுனி, வாயின் தளமாக இருக்கும் தசைக்குக் கீழே முடிகிறது. அங்கே சொத்தை முற்றினால் சீழ் வாய்க்குள் வராமல் தாடைக்கு அடியில் பரவி, நாக்கை மேலே தள்ளி மூச்சை அடைக்கும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-இல் விவரித்த ஆபத்து இது. காசநோயால் கழுத்தில் நெறி கட்டுவதை நம் சித்த மருத்துவம் கண்டமாலை என்று பெயரிட்டு அறிந்திருந்தது. மும்பையின் நெருக்கமான குடியிருப்புகளில் இன்றும் அதைப் பார்க்கிறோம். நெறி பழுத்தால் சீழ் ஆழ்படலத்தில் சிறு ஓட்டை போட்டு, தோலுக்கு அடியில் இரண்டாவது பையாகச் சேரும். வெளிப்பையை மட்டும் கீறினால் உள்ளே உள்ளது அப்படியே நின்று மறுபடி ஊறும். முதுகெலும்பில் காசநோய் என்றால் சீழ் உள்ளடுக்குக்குப் பின்னால் சேர்ந்து தொண்டையின் நடுவில் புடைக்கும். சிறு குழந்தைகளுக்குத் தொண்டைக்குப் பின்னாலுள்ள நெறி பழுத்தால், படலம் நடுக்கோட்டில் ஒட்டியிருப்பதால், ஒரு பக்கமாகப் புடைக்கும்.

தொண்டைக்குப் பின்னால் உள்ள இந்த இடைவெளிகளைப் பற்றித்தான் இன்னும் அதிகம் ஆராய்கிறார்கள். அங்கே முன்னும் பின்னுமாக இரண்டு இடைவெளிகள் உள்ளன, நடுவே ஒரு மெல்லிய தகடு. முன்னது, தகடு தொண்டைச் சுவரோடு ஒட்டும் இடத்தில், கீழ்க்கழுத்துக்கும் மேல்மார்புக்கும் இடையே எங்கோ முடிகிறது. ஆளுக்கு ஆள் அந்த இடம் மாறுகிறது. பின்னது மண்டையோட்டின் அடியிலிருந்து உதரவிதானம்வரை தடையில்லாமல் இறங்குகிறது. வளர்ந்தவரின் உடலில் அறுக்கும்போதே இந்தத் தகடு கிழிந்துவிடும் என்பதால், கழுத்து முழுவதையும் ஒரே கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க முடிகிற கருவின் வெட்டுகளை ஆராய்ச்சியாளர்கள் நாடுகிறார்கள். கழுத்துக்குள் ஆழமாகச் சீழ் பிடித்த ஒருவருக்குக் கழுத்தோடு நிறுத்தாமல் மார்பையும் சேர்த்து சி.டி. எடுக்கச் சொன்னால், உறவினர்கள் அதை வீண்செலவு என்று தள்ளிப்போடக் கூடாது. மார்புக்குள் சீழ் இறங்கிவிட்டதா என்பதை அந்தப் படத்தில்தான் பார்க்க முடியும், அதைப் பார்ப்பதற்கான அவகாசம் சில மணி நேரமே இருக்கலாம்.